ஐநூறு கட்டிட்டேனுங்க... பாக்கியை யாரு கட்டறது?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. இன்னைக்கும் எழுதியிருக்க மாட்டேன், ஆனா வயிறு எரியுது மக்களே. மருந்து குடிச்சு ஆத்தறதா, பதிவு போட்டு ஆத்தறதான்னு யோசிச்சேன். பதிவுக்கு செலவு கம்மி :-)

மேட்டர் இதுதான். போன சனிக்கிழமை எங்க அமுச்சிக்கு மூக்குக் கண்ணாடி வாங்க மதுக்கரையில இருந்து டவுனுக்கு வண்டிய எடுத்துட்டுக் கெளம்பினேன். குனியமுத்தூர் தாண்டி ஆத்துப்பாலத்துக்கிட்ட மேம்பாலம் ஏறினா உக்கடத்துல கொண்டுபோய் விட்டுருது. 2024 ஆகஸ்ட்ல அந்தப் பாலம் திறந்ததுல இருந்து டவுனுக்குப் போறது ஒரு வேலையே இல்லை. பாலத்துல மிச்சம் புடிச்ச அத்தனை நேரத்தையும் வண்டி நிறுத்த இடம் தேடறதுல விட்டேன். அது வேற கதை. இல்லை, அதான் கதையே.

கடைவீதியை மூணு சுத்து சுத்தினேன். வீதி பேரு வேண்டாம், எல்லா வீதியும் அப்படித்தான். ஒரு இடத்துல வரிசையா பத்து இருபது வண்டி நின்னுச்சு. நடுவுல ஒரு சந்து கிடைக்க, நானும் நம்ம வண்டியச் சொருகிட்டு கடைக்குள்ள போனேன். கண்ணாடிய வாங்கிட்டு கால் மணி நேரத்துல திரும்பி வந்தா, ஒரு அதிகாரி கையில மெஷினோட ஒவ்வொரு வண்டியா போட்டோ புடிச்சுட்டு வர்றார்.

"சார், இங்க போர்டே இல்லீங்களே?"

"அங்க இருக்குது பாருங்க தம்பி."

பார்த்தேன். இருந்துச்சு. ஆடித் தள்ளுபடி பிளக்ஸுக்குப் பின்னாடி, பிறை நிலா மாதிரி கொஞ்சூண்டு தெரிஞ்சுது.

"சரிங்க சார். அப்ப வண்டிய எங்கதான் நிறுத்தறதுங்க?"

"அது என் வேலை இல்லீங்க தம்பி."

கோவமா சொல்லலை. எகத்தாளமாவும் சொல்லலை. வெயில்ல நின்னு நின்னு வத்திப்போன குரல்ல, உள்ளதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தா, அவரு சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அது அவரு வேலை இல்லை. அப்ப அது யாரு வேலை? இந்தப் பதிவு மொத்தமும் அந்த ஒரு கேள்விதான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வழக்கமா இந்த மாதிரி பதிவுல "வசூல் வேட்டை", "மாசக் கடைசி கோட்டா"ன்னு போலீசைத் திட்டிட்டு முடிச்சுக்குவோம். நான் அந்த ஆட்டைக்கு வரலை. ஏன்னா அவர்கிட்ட பேசிட்டிருக்கறப்பவே ஒரு வயசான அம்மா, கையில ரெண்டு கட்டப்பையோட, நடைபாதையில இடம் இல்லாம ரோட்டுல எறங்கி நடந்தாங்க. பின்னாடி டவுன் பஸ் ஹாரன் அடிச்சுட்டே வருது. அவங்களுக்கு இடம் இல்லாமப் போனதுக்குக் காரணமான இருபது வண்டியில ஒண்ணு என்னோடது. எங்க அமுச்சி வயசுதான் இருக்கும். அமுச்சிக்குக் கண்ணாடி வாங்க வந்தவன், இன்னொரு அமுச்சியை பஸ்ஸுக்கு முன்னாடி எறக்கி விட்டுட்டேன். அதனால ஐநூறு ரூவாயை வாயை மூடிட்டுக் கட்டிட்டேன். கட்ட வேண்டிய காசுதான்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1988ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்துல 177ன்னு ஒரு பிரிவு. தனியா தண்டனை சொல்லாத தப்புக்கெல்லாம் இதுதான் பொதுப்பிரிவு. முன்னாடி முதல் தடவைன்னா 100 ரூவா, மறுபடி மாட்டினா 300. 2019ல மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி இதை 500, 1500ன்னு ஏத்துச்சு. தமிழ்நாட்டுல அது அமலுக்கு வந்தது 2022 அக்டோபர் கடைசியில. அஞ்சு மடங்கு. பரவால்ல, நூறு ரூவாய்க்கு இந்தக் காலத்துல யாரு பயப்படறா?

ஆனா அதே சட்டத்துல 117ன்னு இன்னொரு பிரிவு இருக்கு. வண்டி நிறுத்தறதுக்கான இடங்களை மாநில அரசோ, அது அதிகாரம் குடுத்த அமைப்போ, உள்ளாட்சியைக் கலந்துக்கிட்டு தீர்மானிக்கலாம்னு சொல்ற பிரிவு. தீர்மானிக்கலாம். கவனிங்க, "லாம்". 177ல "லாம்" எல்லாம் கிடையாது. மீறினா தண்டனைக்கு உரியவன், அவ்வளவுதான்.

117க்கும் 177க்கும் நடுவுல இருக்கற ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். ஆனா ஒண்ணுக்கு கையில மெஷின், சீருடை, ரசீது எல்லாம் இருக்கு. இன்னொண்ணுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு கூட இல்லை. நம்ம வேலையில ஒரு பாதி புரோகிராமை மட்டும் எழுதி லைவ்ல விட்டா மேனேஜர் சும்மா விடுவாரா? இங்க "இடம் இல்லைன்னா அபராதம்"ங்கற பாதி மட்டும் சூப்பரா ஓடுது. "இதுதான் இடம்"ங்கற பாதியை எழுதவே இல்லை.

எனக்கு ஐநூறு ஒரு பெரிய விஷயம் இல்லைங்க. ரெண்டு சினிமா டிக்கெட், ஒரு பாப்கார்ன். கட்டிட்டு பதிவு போட்டு வயித்தெரிச்சலை ஆத்திக்குவேன். எங்க மாமா கதை அப்படி இல்லை. அம்மாவோட தம்பி. சொந்தமா ஒரு குட்டியானை வெச்சு லோடு அடிக்கறார். மதுக்கரை, போத்தனூர்னு சரக்கை ஏத்திட்டுப் போய் டவுன் கடைகள்ல எறக்கணும். கடை இருக்கற வீதியில நிறுத்தாம எங்க நிறுத்தி எறக்கறது? நாப்பது மூட்டையை தலையில சுமந்துட்டா வர முடியும்? ஒவ்வொரு தடவையும் அது சூதாட்டம்தான். மாட்டினா 500, மறுபடி மாட்டினா 1500.

"மாமா, கடைக்காரங்ககிட்ட வாடகையில சேர்த்துக் கேக்கறதுதானே"ன்னேன்.

"கேட்டா நாளைக்கு வேற வண்டிய கூப்பிட்டுக்குவாங்க மாப்ளே"ன்னார்.

இதுல என்ன கூத்துன்னா, சரக்கு யாருக்கு வந்துச்சோ அவருக்கு அபராதம் இல்லை. சரக்கு எறக்க இடம் விடாம கட்டடம் கட்டினவருக்கு அபராதம் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு ஒப்புதல் குடுத்தவருக்கு அபராதம் இல்லை. கியர் மேல கை வெச்சிருக்கறவருக்கு மட்டும்தான். அபராதம்ங்கறது ஒருத்தரை திருத்தறதுக்கு. எங்க மாமா எதைத் திருத்திக்கணும்? தொழிலையா?

கட்டடம்னு சொன்னேன் இல்லீங்களா, அங்கதான் இருக்கு சூட்சுமம். கட்டடத்தோட பரப்பு, உபயோகம் பார்த்து இத்தனை வண்டிக்கு இடம் விட்டே ஆகணும்னு விதி இருக்கு. 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்லயும் இருக்கு, அதுக்கு முன்னாடி இருந்த விதிகள்லயும் இருந்துச்சு. நம்ம கடைவீதியில எத்தனை கட்டடத்துல அடித்தளத்துல வண்டி நிக்குது, எத்தனையில குடோன் இருக்குதுன்னு நீங்களே ஒருக்கா எறங்கிப் பாருங்க. பிளான்ல பார்க்கிங், நிஜத்துல பாத்திரக்கடை.

அவங்களுக்கு மாட்டினா என்ன ஆகும்? நகர் ஊரமைப்புச் சட்டத்துல 1998ல 113-ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. விதி மீறின கட்டடங்கள் பணத்தைக் கட்டி வரன்முறைப்படுத்திக்கலாம். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2000ல அது ஒரு தடவைக்கு மட்டுமான ஏற்பாடுன்னு பார்த்து ஏத்துக்கிட்டாங்க. அப்புறம் 2012ல 113-சி வந்துச்சு, 2007 ஜூலைக்கு முன்னாடி கட்டின கட்டடங்களுக்கு. ஒரு தடவை ரெண்டு தடவையா ஆச்சு. நல்லா இருங்க சாமி. கட்டடத்துக்கு மன்னிப்பு, கால் மணி நேரம் நின்ன வண்டிக்கு மெஷின். எங்க மாமா குட்டியானைக்கும் ஒரு 113-டி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, கையெழுத்து வாங்க நான் வரேன் :-)

"வெளிநாட்டுல எல்லாம் எவ்வளவு ஸ்ட்ரிக்ட் தெரியுமா"ன்னு பின்னூட்டத்துல வர்ற நண்பர்களுக்கும் சேர்த்தே சொல்லிடறேன். உண்மைதான், நம்மளை விட பல மடங்கு ஸ்ட்ரிக்ட். ஆனா எப்படி ஸ்ட்ரிக்ட்னு பாருங்க.

உலகத்துலயே முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலையில அமெரிக்காவுல ஓக்லஹோமா நகரத்துல வெச்சாங்க. மணிக்கு 5 சென்ட். காலையில வேலைக்கு வர்றவங்க கடை வாசல்ல நிறுத்திட்டு சாயங்காலம் வரைக்கும் எடுக்கறதில்லை, வாடிக்கையாளருக்கு இடம் இல்லைங்கறதுதான் பிரச்சனை. அங்க முதல்ல இடத்தைக் காட்டினாங்க, அதுக்கு விலையைச் சொன்னாங்க, மீறினவனுக்குத்தான் அபராதம்.

லண்டன்ல டிராஃபிக் வார்டன்கள் தெருவுல எறங்கினது 1960 செப்டம்பர். அபராதம் 2 பவுண்டு. நம்ம ஊர்ல வார்டன்னா தன்னார்வலர், அங்க அப்ப அபராதச் சீட்டு எழுதினதே அவங்கதான். முதல் சீட்டு யாருக்குத் தெரியுமா? ஓட்டல்ல மாரடைப்பு வந்த ஒருத்தரைக் காப்பாத்த ஓடின டாக்டருக்கு! ஊரே கத்துச்சு, அபராதத்தை விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் வார்டன்களை வீட்டுக்கு அனுப்பலை. இன்னும் கறாரா ஆனாங்க. ஆனா கூடவே சுயேச்சையான மேல்முறையீட்டு மன்றம் வந்துச்சு, சரக்கு எறக்கற வண்டிக்குன்னு தனிக் கட்டம் வந்துச்சு. 2015ல இருந்து இங்கிலாந்துல, கட்டம் போட்ட இடத்துல நேரம் முடிஞ்சாலும் பத்து நிமிஷம் அவகாசம். சிங்கப்பூர்ல 2017ல செல்போன் ஆப் வந்ததுல இருந்து, சீக்கிரமா கெளம்பினா மீதிக் காசு திரும்பி வருது. அங்கயும் சம்மன் ஆன்ட்டி இருக்காங்க, அவங்ககிட்ட பாச்சா பலிக்காது. ஆனா எங்க நிறுத்தணும்னு அங்க யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லை.

நம்ம கோவையிலயும் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல டி.பி. ரோட்டுல பல அடுக்கு பார்க்கிங் கட்டினாங்க. ஆனா ஒரு மாடி வீடு கட்டி ஊருக்கே குடி வெக்க முடியாது. உக்கடத்துல வேலை இருக்கறவன் ஆர்.எஸ்.புரத்துலயா நிறுத்துவான்?

சரி, புலம்பல் போதும். எனக்கு வேணும்கறது நாலே நாலு.

ஒண்ணு, போர்டு தெரியணும். நீல வட்டத்துல ஒரு சிவப்புக் கோடு போனா நிறுத்தி வெக்கக்கூடாது, ரெண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி போனா நிக்கவே கூடாது. இந்த வித்தியாசம் நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிஞ்சாலும் பிளக்ஸுக்குப் பின்னாடி எப்படிப் பார்க்கறது? போர்டை மறைச்சவருக்கு முதல் ரசீது போடுங்க, ரெண்டாவது ரசீதை நான் சந்தோசமா வாங்கிக்கறேன்.

ரெண்டு, ஒவ்வொரு கடைவீதியிலயும் லோடு வண்டிக்கு கட்டம் போடுங்க, நேரம் எழுதுங்க. அதுக்கப்புறமும் எங்க மாமா கண்ட இடத்துல நிறுத்தினா நானே போட்டோ புடிச்சு அனுப்பறேன். (மாமா, இதைப் படிக்க மாட்டீங்கங்கற தைரியத்துல எழுதறேன்.)

மூணு, பார்க்கிங்கை குடோனாக்கின கட்டடத்துக்கு ரசீது. அதுவும் வாரா வாரம்.

நாலு, ஒரு வீதியில வசூலான காசுல ஒரு பங்காவது அந்த வீதி நடைபாதைக்கே வரணும். அமெரிக்காவுல பாசடீனாவுல 1993ல மீட்டர் வெச்சப்ப, அந்தக் காசு அந்த வீதிகளுக்கே செலவாகும்னு சொன்னதாலதான் கடைக்காரங்களே ஒத்துக்கிட்டாங்க. என் ஐநூறுல அந்தக் கட்டப்பை அம்மா நடக்கறதுக்கு நாலு கல்லு பதிச்சா, அடுத்த மாசமும் கட்டறேன்.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபுடிச்ச நியாயம் இல்லை. 2019 திருத்தத்துல 210-பின்னு ஒரு பிரிவு வந்திருக்கு. சட்டத்தை அமல்படுத்தற அதிகாரம் உள்ளவங்களே இந்தச் சட்டத்தை மீறினா அபராதம் ரெண்டு மடங்கு. அதிகாரம் ஜாஸ்தின்னா பொறுப்பும் ஜாஸ்திங்கறதை எழுதினவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதை ரோட்டுல மட்டும் நிறுத்தாம பிளான் போடற மேஜை வரைக்கும் கொண்டு போங்கங்கறேன்.

ஸ்ட்ரிக்ட்டா இருங்க, வேண்டாம்னு சொல்லலை. கயிறு இழுக்கறப்ப ஒரு பக்கம் மட்டும் இழுத்தா அதுக்குப் பேரு போட்டி இல்லை, இழுத்துட்டுப் போறது. மெஷினோட நின்ன அதிகாரி "அது என் வேலை இல்ல"ன்னார். மாநகராட்சியில கேட்டா போலீசைக் காட்டுவாங்க, கட்டடக்காரரைக் கேட்டா பிளானைக் காட்டுவார். எல்லாரோட வேலையும் இல்லாத ஒரு வேலைக்குத்தான் நான் ஐநூறு கட்டியிருக்கேன்.

உங்க ஊர்ல எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.

டிஸ்கி: அமுச்சிக்கு கண்ணாடி நல்லா செட் ஆயிருச்சு. "எவ்வளவு கண்ணு ஆச்சு?"ன்னு கேட்டாங்க. ஐநூறைச் சேர்த்துத்தான் சொன்னேன். "கண்ணாடிக்கா இத்தனை!"ன்னு கோவிச்சுட்டு, கண்ணாடிக்காரனைத் திட்டிட்டு இருக்காங்க. பாருங்க, இங்கயும் தப்பான ஆளுக்குத்தான் அபராதம்.