சேனை என்றால் யார்?

1842 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள். ஜலாலாபாத் கோட்டையை நோக்கித் தள்ளாடும் குதிரையொன்றின் மீது குற்றுயிராய் வருகின்றார் வைத்தியர் வில்லியம் பிறைடன். எலிசபெத் பட்லர் சீமாட்டி 1879 இல் தீட்டிய இவ்வோவியத்தின் பெயர் ‘ஒரு சேனையின் எச்சம்’. வழக்கு அந்தப் பெயரிலேதான் இருக்கின்றது.

ஷா ஷுஜாவை ஆப்கானியர் தலையில் அரசனாகச் சுமத்துவதற்கு 1839 இல் படையெடுத்தவர் கும்பினியார். மக்கள் கிளர்ந்தெழ, 1842 சனவரி 6 ஆம் நாள் காபூலை விட்டு ஓடிய படைவீரர் ஏறத்தாழ 4,500 பேர். அவருள் ஐரோப்பியர் சுமார் 700 பேரே. ஏனையோர் இந்தியச் சிப்பாய்கள். படையைப் பின்தொடர்ந்த பணியாளரும் பெண்டிரும் பிள்ளைகளும் 12,000 பேரளவில். கங்கைச் சமவெளியின் உழவன் மகன், தனக்கு எவ்விதப் பகையுமில்லாத நாட்டின் கணவாய்ப் பனியிலே விறைத்து மாண்டான். யாருக்காக?

‘ஒருவரே மீண்டார்’ என்று இன்றும் ஓதுவாருளர். பொய்! தளபதி எல்பின்ஸ்டன் உட்பட அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும் அக்பர் கானின் கையில் உயிரோடிருந்தனர். தளபதி சிறையில் மாண்டார்; எஞ்சிய கைதிகள் அவ்வாண்டு செத்தெம்பரில் மீட்கப்பட்டனர். பனியிலே கைகால் இழந்து காபூல் வீதிகளில் பிச்சையெடுத்த சிப்பாய்களும் உயிரோடுதான் இருந்தனர். அவர்கள் எச்சமல்லரோ? எச்சிலோ?

ஓவியர்மீது எமக்குக் காழ்ப்பில்லை. இரண்டாம் ஆப்கானியப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், வெற்றி முழக்கத்தை விடுத்துத் தோல்வியின் முகத்தை இலண்டனில் மாட்டி வைத்தமை நெஞ்சுரமே. ஒரு படம் ஒரு கணத்தையே காட்டவல்லது என்பாரின் வாதத்தையும் ஏற்கின்றோம். ஆனால் பெயர் கணத்தைக் குறிக்கவில்லையே! ‘பிறைடன் வருகை’ என்றிருந்தால் எமக்கு வழக்கேயில்லை. காணி உறுதியில் எல்லை குறிக்கும் சொல்லொன்று பிழைத்தால் காணியே கைமாறிவிடும்; இதனை அறியாத பிரசித்த நொத்தாரிசு எங்கும் இல்லை. ‘சேனை’ என்ற ஒரு சொல்லாலே ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் மரணம் ஒரு வெள்ளையரின் துன்பத்துக்கு உறுதி முடிக்கப்பட்டுவிட்டது.

படத்தை எவரும் அகற்றவேண்டாம், பெயரையும் மாற்றவேண்டாம். அதனை உடைமையாகக் கொண்ட தேற் கலைக்கூடத்தார், எங்கே மாட்டினாலும், அதன் கீழே 3,800 என்னும் எண்ணையும், அவர்கள் யாரென்பதையும் எழுதி வைக்கட்டும்.