கடற்காற்றுக்கு அனுமதி இல்லை

அறைக்குள் நுழைந்ததும் என் மனைவி நேராக ஜன்னலைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும் என்று நானும் போய்க் கை கொடுத்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது. சட்டத்தின் நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கி, அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வங்கக்கடல். இந்தப் பக்கம் நாங்களும், பாசி வாடையை மறைக்க அடித்திருந்த மல்லிகை ஸ்ப்ரேயும்.

"ஏசி ரூம் சார், காத்து வெளிய போயிடக் கூடாதுல்ல" என்றான் பெட்டியைத் தூக்கி வந்த பையன். அவன் மேல் தப்பில்லை.

மாமல்லபுரம் தாண்டி, புதுச்சேரி எட்டாத தூரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பழைய ரிசார்ட். பெயர் வேண்டாம். பழையது என்று தெரிந்துதான் போனோம். எனக்குப் பழசின் மேல் கோபமே கிடையாது. எண்பதுகளில் கட்டிய ஓட்டு வீடுகள், சவுக்குத் தோப்பு, வராந்தாவில் பிரம்பு நாற்காலி என்று அவர்கள் போட்டிருந்த படத்தில் பொய் எதுவும் இல்லை. நாள் வாடகை 7,499 ரூபாய். அந்த ஒரு ரூபாய் தள்ளுபடி எங்கள் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. 7,500க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதமாகிவிடும்.

இந்த மாதிரிப் பழைய இடங்களுக்கு ஒரு யோகம் உண்டு. 1991இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்த பிறகு, இப்படிப்பட்ட கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாக ஓட்டல் கட்ட முடியாது. பின்னால் வந்தவர்கள் எத்தனை கோடி கொட்டினாலும் தள்ளித்தான் கட்ட வேண்டும். இவர்கள் முன்பே கட்டிவிட்டதால் அலை வாசலில் கிடக்கிறது. இடித்துப் பெரிதாகக் கட்ட முடியாது. பழுது பார்த்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் போட்டிக்கு எவனும் பக்கத்தில் வர முடியாதபோது பழுது எதற்குப் பார்க்க வேண்டும்?

குளியலறையில் தலைக்கு மேலே காங்கிரீட் வெடித்துக் கம்பி தெரிந்தது. உப்புக்காற்று உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்தில் சிமென்ட்டைக் குழைத்து அப்பியிருந்தார்கள். அதுவும் இப்போது விழத் தயாராக இருந்தது. நான் ஒரு கண்ணை மேலே வைத்துக்கொண்டே குளித்தேன். குளித்தேன் என்று சொல்வதுகூட மிகை. எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்கவே இல்லை. மணற்பாங்கான கரையில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி வரை உப்பை அழுத்தி வைக்கும் என்பது ஒரு கணக்கு. மேலே ஒரு அடியை உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறி வரும். இவர்கள் காலையும் மாலையும் மோட்டார் போட்டுப் புல்வெளிக்குப் பாய்ச்சுகிறார்கள். கடற்கரை மணலில் புல்வெளி! வெளியே குப்பத்தில் ஒரு பாட்டி மணலில் கையளவு ஆழம் தோண்டிய ஊற்றிலிருந்து சொம்பால் மொண்டுகொண்டிருந்தார். கேட்டு வாங்கிக் குடித்தேன். இனிப்பாக இருந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். நாங்கள் போனது மே மாதம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் மீன் கிடைப்பது கஷ்டம் என்று வெயிட்டர் தம்பி ஆரம்பித்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, ஃப்ரீசரிலிருந்து வந்த வஞ்சிரம் என்று ஒன்றைத் தின்றோம். வஞ்சிரமா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரையோரம் வடக்கே நடந்து போனால், கூப்பிடு தூரத்தில் ஏலம் நடக்கிறது. தடை விசைப்படகுக்குத்தான், குப்பத்து ஃபைபர் படகுகள் வழக்கம்போல் போய் வருகின்றன. வலையிலிருந்து சங்கராவை உதறிக்கொண்டிருந்தார்கள். துள்ளியது. பக்கத்தில் ஒரு கூடை நெத்திலி. "ரிசார்ட்டுல வாங்க மாட்டாங்களாம்மா?" என்று கேட்டேன். "அவங்களுக்கு வண்டியில ஐஸ் பெட்டி வருதே சார்" என்றார் கூடைக்காரம்மா, ஏதோ உடம்புக்கு முடியாதவர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். கம்பி துருப்பிடிப்பது கடலின் குணம். சமையலறைக்கு எது சுலபமோ அதைச் செய்கிறார்கள். எனக்கு ஆறாதது அந்த ஜன்னல்தான்.

யார் கட்டினாரோ, அந்த அறையைக் காற்று தெரிந்த மனிதர் கட்டியிருக்கிறார். கிழக்கே கடலைப் பார்த்து இரண்டு அகல ஜன்னல். நேர் எதிரே மேற்குச் சுவரில், கூரைக்குக் கீழே, வரிசையாகக் காற்றுத் துளைகள். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும்போது கீழே நுழைந்து, சூட்டை அள்ளிக்கொண்டு மேலே வெளியேறும். நடுக்கூரையில் விசிறிக்கு ஒரு கொக்கி. இவர்கள் ஜன்னலை முடுக்கி, துளைகளை பிளைவுட் வைத்து அடைத்து, விசிறியைக் கழற்றிவிட்டார்கள். கொக்கி மட்டும் தொங்குகிறது. எல்லாம் ஒரு ஒன்றரை டன் ஏசிக்காக. அந்த ஏசி முதல் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு முறை இருமிவிட்டு நின்றது.

மெக்கானிக் காலையில்தான் வந்தார். வெளியே இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "காஸ் லீக்கு சார். உப்புல காயில் அரிச்சுப்போவுது. இங்க ரெண்டு வருசம் தாங்குனா பெருசு." இரண்டு வருடம் தாங்குவதற்காக, நாற்பது வருடம் தாங்கிய ஒரு ஏற்பாட்டை ஆணி வைத்து மூடியிருக்கிறார்கள். வாசல் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தோம். வெளியே போக வழியில்லாத காற்று உள்ளே எதற்கு வரும்? வாசற்படி வரை வந்து நின்றது.

பகலில் வெறுப்பாகி ஆலம்பரைக் கோட்டைக்கு வண்டியை விட்டேன். 1760இல் ஆங்கிலேயர் இடித்துப் போட்டது. அதற்குப் பின் சுனாமியும் ஒரு கை பார்த்தது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான், உள்ளே இரும்பு இல்லை, அதனால் துருப்பிடித்து வெடிக்க ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கிற சுவர்கள் கடற்காற்றில் கம்பீரமாக நிற்கின்றன. நிழலில் உட்கார்ந்தால் காற்று அப்படி வந்தது. கட்டணம் எதுவும் இல்லை. "இங்கேயே பாயை விரிச்சிருக்கலாங்க" என்றாள் மனைவி.

இரண்டாம் நாள் ராத்திரி ஏசி ஓடியது. ஓடிய வேகத்தில் சுவர் வியர்த்தது. நாங்கள் மெத்தையை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டோம். வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடி வந்தார். குப்பத்து மனிதர், அறுபது வயதிருக்கும். "ஐயா, ரூல்ஸ் இல்லீங்க" என்றவர், எங்கள் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "கொசுவத்தி கொண்டாறேன்" என்று போனார். அவர் வந்தபோது தெற்கத்திக் காற்று லேசாக எடுத்திருந்தது. அலை இரண்டடி தள்ளி உருள்வதுபோல் கேட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நாங்கள் தூங்கியதில்லை.

காலையில் கணக்கு முடிக்கும்போது மேனேஜர் ஒரு தாளை நீட்டி ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார். என் மனைவி அதைக் கவனிக்கவில்லை. "அடுத்த வருஷமும் இதே ரூம் கிடைக்குமா சார்? வராந்தா ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். நான்கூட மறுக்கவில்லை.

மேனேஜர் மலர்ந்துபோனார். "கண்டிப்பா மேடம். அடுத்த மாசம் வேலை ஆரம்பிக்கிறோம். அந்த வராந்தாவைச் சுத்திக் கண்ணாடி போட்டு மூடி, ரூமோட சேர்த்துடுறோம். ஏசி சும்மா ஜில்லுன்னு இருக்கும்."