கூலியைத் தின்னும் மருந்துச் சீட்டு

போடியிலிருந்து விடியுமுன்னே ஏலத்தோட்ட ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. அதில் போகும் நம் பெண்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும்.

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21). இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். ஆனாலும் தலைசுற்றல், பெரும்பாடு என்று மாலையில் தனியார் கிளினிக் போகும் தலித் பெண், கம்பெனிப் பெயர் எழுதிய சீட்டோடு மருந்துக்கடையில் நிற்கிறார். டானிக், ஊசி என்று கூலி கரைகிறது.

மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டுமென இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதியைத் திருத்தியது. மூலப்பெயரில் எழுதச் சொல்லிக் கேட்போம். அதே மருந்தை முதல்வர் மருந்தகங்களில் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

கேட்டு வாங்கும் சுமையைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டக்கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ரத்தசோகை மாத்திரையும் அதே பையில் வரட்டும். ஜீப் திரும்பும் நேரத்தில், சேரிக்குள்ளேயே, வாரம் ஒருநாள் மகளிர் மருத்துவ முகாம் நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.