காலி டேங்குக்கு அரை டேங்க் காட்டும் முள்

நான் ஓட்டும் பிக்கப் வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். நீலகிரித் தோட்டங்களிலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மண்டிக்கு இறக்குவதும், திரும்பும்போது உரமூட்டை ஏற்றிப் போவதும் என் பிழைப்பு. கடன் போட்டு வாங்கிய உங்கள் வண்டியை நானேதான் ஓட்டுகிறேன். அரை டேங்க் வரை ஒழுங்காக இறங்கும் டீசல் முள், அதற்குக் கீழே அசைவதே இல்லை. டேங்க் வற்றினாலும் பாதியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பலமுறை சர்வீஸ் சென்டரில் காட்டியும், ஜாப் கார்டில் 'பரிசோதித்தோம், சரியாக உள்ளது' என்று எழுதிச் சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

"சின்ன விஷயம்ணே, கிலோமீட்டரைப் பார்த்து டீசல் போட்டுக்குங்க" என்கிறார்கள். சமவெளியில் அந்தக் கணக்கு சரிப்படலாம். கல்லாறு தாண்டிக் குன்னூர் போக 14 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு ஏறும்போது குடிக்கிற டீசலும் இறங்கும்போது குடிக்கிற டீசலும் ஒன்றாகுமா? சீசன் நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்கிற நாளில் கிலோமீட்டர் எதைச் சொல்லும்?

அந்த ஏற்றத்தில் டீசல் தீர்ந்தால் இன்ஜின் அணையும். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப் இன்ஜினால் ஓடுவது. மிச்சமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் தாங்கும். பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். பின்னால் பேருந்து, ஒரு பக்கம் பள்ளம். இதைத்தான் சின்ன விஷயம் என்கிறீர்கள்.

அதோடு முடிவதில்லை. டீசல் லைனில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். கைப் பம்பை அடித்து ஏர் எடுத்த பிறகுதான் வண்டி கிளம்பும். காமன் ரெயில் வண்டியின் உயரழுத்த பம்புக்கு டீசலேதான் மசகு. வறண்டு ஓடினால் அது தேயும். உலோகத் துகள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். டீசல் இல்லாமல் ஓட்டிக் கெட்டதற்கு வாரண்டி கிடையாது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். டீசல் இருப்பதாகக் காட்டுவது உங்கள் முள். பம்ப் கெட்டால் செலவு மட்டும் என்னுடையதா?

உங்கள் ஆட்கள் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. பாதி டீசலோடு வண்டியை நிறுத்தி, முள் பாதியில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருக்கத்தான் செய்யும். டேங்குக்குள் மிதவையும் அதன் கையும் மின்தடைப் பட்டையும் சேர்ந்ததுதான், டீசல் அளவை மீட்டருக்கு அனுப்பும் சென்டர் (sender) யூனிட். அதை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை இணைத்து, கையை மேலிருந்து கீழ்வரை மெல்ல நகர்த்தினால் ஓம் அளவு சீராக மாற வேண்டும். நடுவில் நின்றாலோ தாவினாலோ பழுது அங்கே. சீராக மாறினால் ஒயரிங்கையும் எர்த்தையும் மீட்டரையும் பார்க்க வேண்டும்.

இதைச் செய்யாமல் 'சரி' என்று எழுதுவதால் கெடுவது என் வண்டி மட்டுமல்ல. ஓட்டுநருக்கோ சாலையில் போகிறவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறை என்று உரிமையாளர்கள் பலர் புகார் செய்தால், அவ்வகை வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்ல மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. புகாரெல்லாம் ஜாப் கார்டிலேயே 'சரி' ஆகிவிட்டால், எத்தனை வண்டியில் இந்தப் பழுது என்பது யாருக்குத் தெரியும்?

நான் கேட்பவை இவை:

1. சென்டர் யூனிட்டை வெளியே எடுத்துச் சோதித்து, காலி, பாதி, முழு நிலைகளின் ஓம் அளவுகளை ஜாப் கார்டில் எழுதித் தாருங்கள்.
2. பழுதான பாகத்தைக் கட்டணமின்றி மாற்றுங்கள்.
3. முள்ளின் பழுதால் டீசல் தீர்ந்து பம்போ இன்ஜெக்டரோ கெட்டால், அதையும் வாரண்டியில் ஏற்பதாக எழுத்தில் தாருங்கள்.

சுயதொழில் செய்து பிழைக்க வண்டி வாங்கியவனும் நுகர்வோர்தான் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இம்மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், உங்கள் ஜாப் கார்டுகளையே சான்றாக இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
பிக்கப் உரிமையாளர், ஓட்டுநர்
மேட்டுப்பாளையம்