துப்பாக்கி மாறிவிட்டது, இலக்கு அட்டை எப்போது மாறும்?

கிளாஸ்கோ நகரின் 2026 காமன்வெல்த் விளையாட்டுக்குப் பத்தே பத்து விளையாட்டுகள்தான் தேர்வாயின. அந்தப் பட்டியலில் துப்பாக்கி சுடுதல் இல்லை. 2022 பர்மிங்ஹாம் போட்டியிலும் அது இடம்பெறவில்லை. சிங்கப்பூரின் மார்டினா வெலோசோ இரண்டு தங்கம் வென்ற 2018 கோல்ட் கோஸ்ட் போட்டிக்குப் பிறகு, காமன்வெல்த் விளையாட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. 1998-இல் மலேசியா ஏற்று நடத்தியபோது இப்போட்டிகள் லங்காவியில் நடந்தது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

இந்த விலக்கலால் அதிகம் அடிபட்டது நெடுந்தூர ரைபிள் போட்டிதான். 10 மீட்டர், 50 மீட்டர் வீரர்களுக்கு ஒலிம்பிக் இருக்கிறது, ஆசிய விளையாட்டு இருக்கிறது. 300 கெஜம் முதல் 1,000 கெஜம் வரை சுடும் வீரருக்கு, பல விளையாட்டுகள் கூடும் பெரிய மேடை என்று இருந்தது காமன்வெல்த் ஒன்றுதான்.

செலவும் திடல் வசதியும்தான் விலக்கலுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். பழைய விதிகளால்தான் இந்த நிலை என்று பழி போடுவது நியாயமாகாது. ஆனால், வெளியே நிற்கும் ஒரு விளையாட்டு மீண்டும் உள்ளே வர வேண்டுமானால், முதலில் தன் வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும். அங்கேதான் இலக்கு அட்டை பற்றிய கேள்வி எழுகிறது.

36 அங்குலத்தில் தொடங்கிய கதை

1874-இல் நியூயார்க் அருகே கிரீட்மோர் திடலில் அமெரிக்காவும் அயர்லாந்தும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கெஜம் என மூன்று தூரங்கள். அயர்லாந்து வீரர்கள் குழல் முனை வழியாக மருந்து இடித்துச் சுட்டனர். அமெரிக்கர்கள் பின்பக்கம் தோட்டா போடும் புதுவகைத் துப்பாக்கியுடன் வந்தனர். 934-க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் தவறிப் பக்கத்து இலக்கைச் சுட்டதால், அவர் நடுவில் அடித்த அடிக்குப் பூஜ்யம் விழுந்தது.

அன்று நான்கு புள்ளி தந்த நடுப்பகுதி 36 அங்குலச் சதுரம். அடுத்து அது வட்டமானது, புள்ளி ஐந்தானது. ஆனால் 36 அங்குலம் என்ற அளவு அமெரிக்க நெடுந்தூரப் போட்டிகளில் பல தலைமுறை நீடித்தது. எல்லாரும் முழுப் புள்ளி எடுக்கத் தொடங்கிய பிறகுதான் 20 அங்குல வட்டம் பத்துப் புள்ளிக்கு உரியதாயிற்று. அதற்குள் சமநிலையைப் பிரிக்க 10 அங்குல ‘எக்ஸ்’ வட்டம் வந்தது.

இன்றைய நல்ல ரைபிள் ஒன்று, காற்றில்லா வேளையில் 1,000 கெஜத்தில் ஐந்தாறு அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும். அந்தத் துப்பாக்கிக்கு 20 அங்குல வட்டம் என்பது அகலத் திறந்த வாசல். அமைதியான நாளில் 200-க்கு 200 எடுப்பவர்கள் பலராகிவிடுகிறார்கள். அப்போது யார் வெற்றியாளர் என்பதைப் புள்ளிகள் சொல்வதில்லை. ‘எக்ஸ்’ எண்ணிக்கைதான் சொல்கிறது.

ஒரே தூரம், இரண்டு நீதி

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. கனடாவில் ஜார்ஜ் ஃபார்குவர்சன் என்பவர், வயதும் கண் பார்வையும் தடையாகிப்போன மூத்த வீரர்களுக்காக, தொலைநோக்கி பொருத்திய ரைபிளைத் தாங்கியின் மேல் வைத்துச் சுடும் முறைக்கு வழி திறந்தார். அவர் பெயரின் முதல் எழுத்தில் அது ‘எஃப் கிளாஸ்’ ஆனது. இன்று உலகக் கோப்பை வரை வளர்ந்துவிட்ட பிரிவு அது.

தாங்கியும் தொலைநோக்கியும் இருந்தால் பழைய அட்டை வேடிக்கையாகிவிடும் என்று அமைப்பாளர்கள் கண்டார்கள். எனவே அமெரிக்க அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தை 10 அங்குலமாகவும், ‘எக்ஸ்’ வட்டத்தை 5 அங்குலமாகவும் சரிபாதி ஆக்கினார்கள். ஆட்டம் கெடவில்லை. சேர்ந்தவர்கள் பெருகினார்கள்.

ஆனால் அதே அமெரிக்காவில், தாங்கி இல்லாமல் தொலைநோக்கியுடன் படுத்துச் சுடும் ‘எனி ரைபிள்’ பிரிவுக்கு இன்னும் 20 அங்குல வட்டம்தான். வெறும் துளைக் குறி வழியே பார்த்துச் சுடுபவருக்கும் அதே 20 அங்குலம்தான். தோட்டத்தில் பால் நிறுத்துக் கூலி வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். தராசு நுட்பமாக இல்லாவிட்டால், அதிகம் உழைத்தவருக்கும் கொஞ்சம் உழைத்தவருக்கும் ஒரே கணக்குத்தான் விழும்.

பிஸ்லியின் பெருமையும் பிடிவாதமும்

பிரிட்டன் மரபில் இதன் தலைமை இடம் பிஸ்லி. 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கி வைத்த போட்டி, 1890-இல் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. 1930-இல் மார்ஜரி ஃபாஸ்டர் அரசர் பரிசை வென்ற முதல் பெண் ஆனார். இன்றும் இறுதிச் சுற்றுக்கு நூறு பேர். 900 கெஜத்தில் 15, 1,000 கெஜத்தில் 15 எனச் சுடுகிறார்கள். வென்றவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்கிறார்கள்.

முதல் சுற்றில் 300, 500, 600 கெஜம் ஒவ்வொன்றிலும் ஏழு குண்டுகள். மொத்தம் 105 புள்ளிகள். தேர்ந்த வீரர்கள் 105-ஐ எட்டுவது இன்று அதிசயமே இல்லை. ஒரு குண்டு கோட்டுக்கு வெளியே மயிரிழை விலகினால், அவர் பட்டியலில் நெடுந்தூரம் இறங்கிவிடுவார். எல்லாரும் உச்சியில் நெருங்கி நிற்கும்போது, திறமைக்கு இருக்க வேண்டிய இடத்தை அதிர்ஷ்டம் பிடித்துக்கொள்கிறது.

தோட்டா விதியும் அப்படித்தான். 7.62 மி.மீ. தோட்டா இராணுவத்திலிருந்து வந்தது. அரசு தரும் தோட்டாவை எல்லாரும் ஒரே மாதிரி வாங்கிச் சுட்டால் பணக்காரர், ஏழை வேற்றுமை வராது என்பது அன்றைய எண்ணம். குண்டின் எடை 156 கிரெயினுக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய பத்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற அனைத்துலக விதியும் நெடுங்காலம் தொடர்ந்தது. பிரிட்டிஷ் இராணுவமோ 1980-களிலேயே தன் காலாட்படைக்குச் சிறிய 5.56 மி.மீ. தோட்டாவுக்கு மாறிவிட்டது. இராணுவம் விட்டுச் சென்றதை விளையாட்டு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எதை மாற்றுவது, எதை விடுவது?

மாற்றம் வேண்டாம் என்பவர்களின் வாதத்திலும் பொருள் உண்டு. ஆயிரம் கெஜத்தில் மணிக்கு பத்து மைல் பக்கக் காற்று அடித்தால், அந்தப் பத்து கிராம் குண்டு ஏழு அடிக்கு மேல் தள்ளப்படும். காற்றைப் படிக்கத் தெரியாதவர் எவ்வளவு விலை உயர்ந்த துப்பாக்கி வைத்திருந்தாலும் தோற்பார். காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும் நவீன குண்டுகளை அனுமதித்தால் அந்தக் கலை மங்கும், செலவும் ஏறும். இளைஞர்கள் நுழைய முடியாமல் போவார்கள்.

எனவே பழைய விதிகள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிய முடியாது. ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த விதி இன்று எதைக் காப்பாற்றுகிறது?

துளைக் குறி, தோள்வார், ஒரே வகைத் தோட்டா ஆகியவை மனிதத் திறமையையும் சாமானியரின் பணப்பையையும் காக்கின்றன. அவை இருக்கட்டும். பெரிய நடுவட்டம் எதையும் காப்பதில்லை. அட்டையில் ஒரு வட்டத்தைச் சிறிதாக அச்சிட வீரர் எவரும் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. செலவே இல்லாமல் கிடைக்கும் நியாயம் அது.

அதுபோல, குழியில் ஆட்கள் நின்று அட்டையை இறக்கி, துளையில் குறி வைத்து, மீண்டும் ஏற்றும் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒலியைக் கொண்டு குண்டு பட்ட இடத்தைக் கணிக்கும் மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. அடி விழுந்த கணமே திரையில் தெரியும். பார்வையாளர் இல்லாத விளையாட்டுக்குப் பார்வையாளரைக் கொண்டுவரும் வழி அதுதான்.

மற்ற விளையாட்டுகள் தயங்கவில்லை

ஒலிம்பிக் வகைத் துப்பாக்கி சுடுதல் 1989-இல் தன் அட்டைகளைச் சுருக்கியது. 2013 முதல் சில ரைபிள் போட்டிகளின் தகுதிச் சுற்றிலும் பத்துப் புள்ளி வட்டத்தையே பத்தாகப் பிரித்து, ஒரு குண்டுக்கு 10.9 வரை எண்ணத் தொடங்கியது. முழுப் புள்ளி எடுத்தவர்களுக்குள்ளும் அப்போது வேறுபாடு தெரிந்தது.

நமக்கு நெருக்கமான பூப்பந்தையே எடுத்துக்கொள்ளலாம். 2006-இல் சர்வீஸ் போட்டவருக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறை போய், 21 புள்ளி ஆட்டம் வந்தது. மரபு அழிந்துவிடும் என்று அன்று புலம்பாத ரசிகர் குறைவு. இன்று அந்தப் பழைய கணக்கைத் திரும்பக் கேட்பவர் யார்?

அடுத்த 2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்தில் நடக்கவுள்ளது. துப்பாக்கி சுடுதலில் வலுவான நாடு இந்தியா. இவ்விளையாட்டு அங்கே திரும்பினாலும், ஆயிரம் கெஜம் திரும்புமா என்பது தனிக் கேள்வி. பெரிய திடல், நீண்ட நேரம், புரியாத கணக்கு ஆகிய மூன்றோடும் வந்து கதவைத் தட்டினால் திறப்பது கடினம்.

திடலின் நீளத்தைக் குறைக்க முடியாது. அது இந்த ஆட்டத்தின் உயிர். நேரத்தையும் கணக்கையும் சரிசெய்ய முடியும். கிரீட்மோரில் 36 அங்குலத்தில் தொடங்கியவர்கள், துப்பாக்கி முன்னேறியபோது அட்டையையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். மாற்றிக்கொள்வதும் இந்த விளையாட்டின் மரபுதான். இன்று அதை நடத்துபவர்கள் தங்கள் முன்னோர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மரபைத்தான்.