கொசுவின் மேல் விழுந்த பழி

1998 கடைசியில் தஞ்சோங் ரம்புத்தானில் எங்கள் வாசலுக்கே புகை மருந்து அடிக்க வந்தார்கள். அம்மா சோற்றுப் பானையைத் துணியால் மூடிவிட்டு, கைக்குழந்தையாய் இருந்த என் மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். வட்டாரத்தில் பரவிய காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசு ஒழிந்தால் நோயும் ஒழியும் என்று நாங்களும் நம்பினோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் நம்பவில்லை. பன்றிப் பண்ணையில் தீனி போடுவது அவர் வேலை. "கொட்டாய் பூரா நாய் குரைக்கிற மாதிரி பன்றிங்க இருமுது. கொசு கடிச்சா பன்றி இருமுமா?" என்று கேட்டார். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கியூலெக்ஸ் கொசுவால் பரவுவது. பன்றியின் உடலில் அந்தக் கிருமி பெருகும், ஆனால் பன்றி அதனால் இருமிச் சாவதில்லை. பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் அது தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு புழங்கிய பெரிய ஆட்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். சிலருடைய இரத்தப் பரிசோதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சலையே காட்டியதால் மருத்துவர்கள் குழம்பியது எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாதக்கணக்கில் காலம் போனது பெரிய இழப்பு. அதற்குள் எங்கள் ஈப்போ வட்டாரத்துப் பன்றிகள் லாரியேறித் தெற்கே போய்விட்டன, நோயும் கூடவே போனது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதுக் கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு நின்றது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. கொசுவுக்கு இதில் பங்கே இல்லை. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

அதற்காகக் கொசுவை விட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் நம் நாட்டில் இருக்கும் நோய்தான். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை, பிழைத்த பிள்ளைக்கும் வலிப்போ கைகால் முடக்கமோ தங்கிவிடலாம். வராமல் காக்கத் தடுப்பூசி இருக்கிறது. சரவாக்கில் 2001 முதல் குழந்தைகளுக்கு அதைப் போடுகிறார்கள்.

மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். காய்ச்சலோடு பிதற்றிக்கொண்டு ஒருவர் வந்தால், அவர் என்ன வேலை செய்கிறார், எந்த மிருகத்தோடு புழங்குகிறார், அது எப்படி இருக்கிறது என்று வீட்டாரிடம் கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.