எழுத்துக் கூட்டினால் வாசிப்பாகுமா?

அட்டன் நகரை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றில் பத்தாந் தர மாணவருக்கு நான் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற தவணையில் ஒரு நாள், பாடநூலை மூடிவைத்துவிட்டு, தேயிலை விலை பற்றிய சிறு செய்தியொன்றை நாளிதழிலிருந்து ஒரு மாணவனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கணீரென்று வாசித்தான், லகர ளகரங்கூடப் பிசகவில்லை. "தம்பி, விலை ஏறியதா, இறங்கியதா?" என்று கேட்டேன். தாளைப் பார்த்தான்; என்னைப் பார்த்தான்; தலையைக் குனிந்துகொண்டான். முப்பது பேர் கொண்ட வகுப்பில் விடை கூறியவர் நால்வரே.

தம் அன்றாட வாழ்வைப் பற்றிய எளிய கூற்றொன்றைப் பொருளுணர்ந்து வாசிக்கவும் எழுதவும் வல்லவரே எழுத்தறிவுடையவர் என்று யுனெஸ்கோ நிறுவனம் 1958ஆம் ஆண்டிலேயே வரையறுத்தது. 'பொருளுணர்ந்து' என்பதே அதில் உயிரான சொல். அதனை நீக்கினால் எஞ்சுவது வெறும் ஒலியன்றோ?

வாசிக்க இயலாமையின் விலையை மலையக மக்கள் நன்கு அறிவர். நம் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்றொரு தாள் இருந்தது. ஆட்களின் மீதுள்ள கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுத்த தாள் அது. வேறொரு தோட்டம் அக்கடனைக் கட்டினால் ஆட்கள் அங்கே செல்வர். தம்மைக் கைமாற்றிய அத்தாளை அவர்களுட் பெரும்பாலோரால் வாசிக்க இயலவில்லை. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. விளங்காத தாளுக்குக் கட்டுப்படும் நிலையும் அத்தோடு ஒழிந்ததா?

கொழும்புக் கடைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞன் விளங்காமலே ஒப்பந்தத்தில் ஒப்பமிடுகிறான். ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தைத் தாய் நீட்டினால், பத்தாண்டு பள்ளி சென்ற மகன் அதனைத் தரகரிடம் கொண்டு ஓடுகிறான். தானே வாசித்து ஆராய இயலாதவன், மேடையிற் கேட்டதையும் கைப்பேசியில் வந்ததையும் நம்புகிறான். இத்தகையோர் பெருகிய சமூகம் தன் உரிமையைத் தானே கேட்டுப் பெறுவது எங்ஙனம்?

மாணவரை மட்டும் குறைகூறுதல் அறமாகாது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் புறத்தே நின்றன. 1977 முதல் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலை மாறலாயிற்று. 2020இல் வந்த பெருந்தொற்று மீண்டும் பள்ளிகளை மூடியது. கைப்பேசிக்கு அலைவரிசை தேடிப் பிள்ளைகள் மேடேறி நின்றதை நாம் கண்டோம்.

ஆயினும் குற்றத்தில் ஒரு பங்கு எம்முடையது. வினாவையும் விடையையும் மனனம் செய்வித்தோம். வாசித்தது யாதென்று கேட்டோமில்லை. நானும் பல்லாண்டு அவ்வாறே செய்தேன்.

இப்பொழுது நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கியுள்ளேன். ஒருவர் ஒரு செய்தியை வாசித்து, தம் சொந்தச் சொற்களிற் கூறவேண்டும். செலவில்லாத இம்முறையை எப்பள்ளியிலும் கைக்கொள்ளலாம்.

சென்ற வாரம் அதே மாணவன் தன் தாயின் சம்பளத் துண்டைக் கொண்டுவந்தான். "சேர், இந்தக் கழிவு எதற்கு?" என்று கேட்டான். எனக்கும் உடனே விளங்கவில்லை. இருவரும் சேர்ந்து மறுபடி வாசித்தோம்.